கைராசிக்காரர்கள் இழுத்த கயிறு

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. முகூர்த்தக்கால் நடக் கைராசி பாருங்கள், கடையில் முதல் போணிக்குப் பாருங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெட்ரோலில் ஓடுகிற மிஷினுக்குக் கைராசி பார்க்கிறவனை மட்டும் என் ஜீப்பில் ஏற்றமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மலையடிவாரத்துச் சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. வண்டியில் பாட்டுப் பெட்டி கிடையாது. தேவையும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற பேச்சுக்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. அதிலும் வாய்க்கு மூடி போடாத ஒரு பெரியவள் இருப்பாள். நாங்கள் எல்லோரும் பெரியாத்தா என்போம். அவள் சொன்னதைத்தான் நான் ஊரெல்லாம் என் பேச்சு மாதிரி சொல்லித் திரிகிறேன்.

அன்று ஆடி மழை விட்டு விட்டுப் பெய்தது. வேலை முடிந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், தோட்டத்துப் பாதையில் குறுக்கே ஒரு பலாமரம் வேரோடு விழுந்து கிடக்கிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் கிடுகிடு பள்ளம். எனக்குப் பின்னால் இன்னொரு ஜீப்பும், உர மூட்டை இறக்கிவிட்டு வந்த ஒரு லோடு வண்டியும் நின்றுவிட்டன. போடிக்குப் போன் போட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டியை வரச்சொல்லலாம் என்றால் சிக்னல் இல்லை. மெயின் ரோடு வரைக்கும் நடந்து போகலாம் என்றால் யானை நடமாட்டம். காலையில் வரும்போதே பாதையில் சூடு ஆறாத சாணியைப் பார்த்திருந்தோம்.

என் வண்டியில் ஒரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள். பிள்ளை பெற்று நாலு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அந்த வாரம்தான் திரும்ப வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். கைக்குழந்தை சிலமலையில் மாமியாரிடம். தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளை. வழக்கமாக நாங்கள் வீடு போய்ச் சேரும் நேரம் அப்போதே வந்துவிட்டது. மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளை அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மழை விட்ட பிறகும் விடவில்லை. ஏன் என்று பெண்களுக்கெல்லாம் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, பால் கட்டி ரவிக்கையை நனைக்கிறது.

தோட்டத்துக் கங்காணி ஸ்டோரிலிருந்து மரம் அறுக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வயதில் பாதியாவது இருக்கும் அதற்கு.

“லேசா மக்கர் பண்ணும். கைராசி உள்ளவன் இழுத்தா ஒரே இழுப்புல வந்துரும்” என்றார்.

முதலில் அவரே இழுத்தார். ஒரு இருமல் இருமியது, அடங்கிவிட்டது. அதோடு ஆரம்பித்தது திருவிழா. பின் ஜீப்பு டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினான். “தள்ளுங்கண்ணே. எங்க ஊர்ல எந்த மோட்டார் நின்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாக.” இழுத்தான். வரவில்லை. லோடுமேன் ஒருவன் உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு இழுத்தான். இன்னொருவன் கிழக்கே பார்த்து நின்று இழுத்தான். ஒருவன் தோற்றால் அடுத்தவனுக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பெண்கள் சும்மா நிற்கவில்லை. கவாத்துக் கத்திகளை எடுத்துக் கிளைகளை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதி மரத்தை அவர்கள் மொட்டையடித்து முடித்தபோதும் ஆண்கள் வரிசையில்தான் நின்றார்கள்.

“ஏப்பா, அது மிஷினா, சமைஞ்ச புள்ளையா? ஆளாளுக்குப் பொண்ணு பாக்க வந்தாப்ல நிக்கிறீக” என்றாள் பெரியாத்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “சோக்கை விட்டுட்டு இழுங்கய்யா. பெட்ரோலு ரொம்பிக்கிட்டுப் போகுது” என்று கத்தினேன்.

“சோக்கு விட்டுத்தான இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு?” என்றார் கங்காணி. குனிந்து பார்த்தேன். சோக்குக் குமிழ், காற்றுக்கு வழி விடுகிற மாதிரி, உள்ளே தள்ளித்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டதில் இன்னும் இரண்டு பேர் இழுத்துவிட்டார்கள்.

கைப்பிள்ளைக்காரி என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டாள். “அண்ணே, இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்? அது அழுதா நிப்பாட்டாதுண்ணே.”

அவள் ஏலச்செடிகளுக்குள் இறங்கிப் போனாள். இரண்டு பெண்கள் பிளாஸ்டிக் தாளை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை குடிக்கவேண்டிய பாலை மண்ணில் பீச்சிவிட்டு வர வேண்டிய கதி அவளுக்கு. அதைப் பார்த்து லோடுமேன் ஒருவன் இளித்தான். பெரியாத்தா கத்தியோடு திரும்பினாள். “என்னடா பல்லக் காட்டுற? நீ என்ன டீத்தண்ணி குடிச்சா வளந்த?”

அதற்கு மேல் பொறுக்கவில்லை. மிஷினைப் பிடுங்கிக்கொண்டு என் வண்டியின் பானெட்டில் வைத்தேன். எனக்கு யாரும் மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுக்கவில்லை. மருந்தடிக்கிற மிஷினைக் கழற்றிக் கெடுத்து, கழற்றிக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். புகைக்குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றினேன். குளத்தில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. நனைந்த பிளக்கில் பொறி எங்கிருந்து பிடிக்கும்?

துடைத்துப் போட்டு இழுத்தால் மறுபடியும் நனையும். எங்கிருந்து நனைகிறது என்று பார்க்க வேண்டும். மேல் மூடியைத் திறந்தேன். காற்று போகும் சல்லடை மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களியாகி அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால், உள்ளே சோக்குத் தகடு மூடியே கிடக்கிறது. குமிழை இழுக்கிறேன், தள்ளுகிறேன், தகடு அசையவே இல்லை. குமிழையும் தகட்டையும் இணைக்கிற கம்பி அறுந்து போயிருந்தது. வெளியே திறந்த மாதிரி காட்டும், உள்ளே மூடியிருக்கும். ஒவ்வொரு கைராசிக்காரனும் இழுக்க இழுக்க, காற்றே இல்லாமல் வெறும் பெட்ரோலைக் குடித்திருக்கிறது.

“இது எப்ப அறுந்துச்சு?” என்று கங்காணியைக் கேட்டேன்.

“அது சித்திரையிலயே அறுந்துருச்சுப்பா. கைராசில ஓடிக்கிட்டிருந்துச்சு.”

சித்திரையில்! வைகாசி, ஆனி போய் ஆடியும் வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் வயதுக்குக்கூட நான் மரியாதை வைக்கவில்லை, அதற்காக இன்றும் வருத்தமில்லை.

விரலால் தகட்டைத் திறந்து வைத்தேன். நிற்காமல் திரும்ப விழுந்தது. பெரியாத்தா தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். அதை நிமிர்த்திச் செருகித் தகட்டை முடுக்கிவிட்டேன். சல்லடையை உதறித் தட்டினேன். மிஷினைக் கவிழ்த்து, பிளக் ஓட்டை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க, குடித்த பெட்ரோலையெல்லாம் துப்பியது. பிளக்கின் கரியைச் சுரண்டி, துணியால் துடைத்து, காற்றில் உலர விட்டேன்.

அந்தச் சின்ன நேரத்தைக்கூட விடவில்லை. “எங்கிட்டக் குடு மாப்ளே, இப்ப வந்துரும்” என்று பின் ஜீப்பு டிரைவர் கையை நீட்டினான். ஸ்பேனரை ஓங்கினேன். “தொட்ட, கை இருக்காது.”

ஈரம் போன பிறகு பிளக்கைப் போட்டேன். சோக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கிக்கொண்டு இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவதில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அலறியது. பெண்கள் குலவை போட்டார்கள். மரத்தை இரண்டு இடத்தில் அறுத்தேன், எல்லோரும் சேர்ந்து நடுத்துண்டைப் பள்ளத்தில் உருட்டினார்கள். நான் தொடக்கூட விடாத அந்த டிரைவர் உருட்டிக்கொண்டே சொன்னான். “நான் முதல்ல இழுத்துச் சூடேத்தி வச்சதுனாலதான் வந்துச்சு.”

மெட்டில் எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். சிலமலைக்குப் போனபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் தெருமுனையிலேயே நின்றான், பக்கத்தில் பிள்ளையோடு மாமியார். “இம்புட்டு நேரம் எங்க ஆடிட்டு வர்ற?” என்றான். அவள் இறங்கி, மாமியார் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு ஒரு திண்ணையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிள்ளைக்கு அழுது அழுது குரலே போயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினாள், கெஞ்சினாள், “அப்பு, அப்பு” என்றாள். அது வாய் வைக்கவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி அவள் புருஷன்மீது பாய்ந்தேன். “கேக்கணும்னா காலையில என்கூட மேல வா, அந்தக் கங்காணியக் கேளு. இவள என்ன கேக்குற?” அவன் வாய் திறப்பதற்குள் பெரியாத்தா வண்டிக்குள்ளிருந்து கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கத்தாத. குடிக்கப் போகுது.”

வாயை மூடினேன். கொஞ்சம் பொறுத்துப் பிள்ளை முட்டி முட்டிக் குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு இன்னும் அவனிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.