வள்ளிநாயகி கடையில் கிரெடிட் கார்டு வாங்குவதில்லை

போர்ட்டிக்சன் போகும் வழியிலுள்ள லுக்குட்டில், கடைவரிசையின் கோடியில் வள்ளிநாயகியின் மோட்டார் சைக்கிள் டயர் கடை இருக்கிறது. ஐம்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பிச் சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றுவதைப் புதிதாக வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அவள் அதைக் கண்டுகொள்வதில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து பதினாறு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவள். ரப்பர் போய், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புக்காரர்கள் வந்தபோது, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு தொகை கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் அவள் கணவர் திருச்செல்வம் இந்தக் கடையைப் பிடித்தார். ஏழாம் வருடம் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கடையை அடைத்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவள் அடைக்கவில்லை. கணவரிடம் வேலை பார்த்த குணாளனிடமே தொழிலைக் கற்றுக்கொண்டாள். அந்த வருமானத்தில் ஒரே மகன் முகுந்தனைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தாள். அவனுக்குக் கோலாலம்பூரில் ஒரு வங்கியில், கிரெடிட் கார்டுப் பிரிவில் வேலை கிடைத்தது.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்து கடைகள் திறந்த சமயத்தில் முகுந்தன்தான் கார்டு மெஷின் வைக்கச் சொன்னான். இப்போது யார் காசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டான். வேறொரு வங்கியின் முகவராக ஹைகல் என்ற இளைஞன் வந்து, அவளிடம் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கினான். ஒவ்வொரு வியாபாரத்திலும் சின்னதாக ஒரு விழுக்காடு பிடிப்பார்கள், அவ்வளவுதான் என்றான். வங்கிக் கடிதங்கள் ஈமெயிலில்தான் வரும் என்பதால், முகுந்தன் கடை பெயரில் ஒரு முகவரி திறந்து கொடுத்தான்.

முதல் வருடம் நன்றாகவே போனது. சனி ஞாயிறுகளில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் கூட்டங்கூட்டமாகப் போகிறவர்கள் அவள் கடையில் நின்றார்கள். அந்த மோட்டார்களுக்கு ஒரு ஜோடி டயர் ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்குக் குறையாது. அவர்கள் விலை கேட்பதில்லை, கறுப்பு நிறக் கார்டை நீட்டுவார்கள். மெஷின் ஒரு சத்தம் போடும், சீட்டுத் துப்பும். காசு எண்ண வேண்டியதில்லை என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒருநாள் வங்கிக் கணக்குத்தாளை விரித்துவைத்து உட்கார்ந்தாள். தோட்டத்து ஆள் ஒருவர் டெபிட் கார்டில் வாங்கிய டயருக்கு ஏதோ சில காசுகள்தான் பிடித்திருந்தார்கள். பெரிய மோட்டார்க்காரரின் ஒரு ஜோடிக்கு ஐம்பது வெள்ளி போயிருந்தது. அந்த ஜோடியில் அவளுக்குக் கிடைப்பதே நூற்றிருபது வெள்ளிதான். அதில்தான் கடை வாடகையும் குணாளன் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

ஹைகலைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் மறைக்காமல் மலாயில் சொன்னான்.

"எல்லாக் கார்டும் ஒண்ணு இல்ல ஆண்ட்டி. டெபிட் கார்டுக்குக் கொஞ்சமாத்தான் புடிப்பாங்க. இந்தக் கறுப்புக் கார்டெல்லாம் வசதியானவங்க வச்சிருக்கறது. அவங்க பிளைட்டு, ஹோட்டல் எடுக்கப் பாயிண்ட் குடுக்கணும்ல. வெளிநாட்டுக் கார்டுன்னா இன்னும் கூட."

"அவுங்க பாயிண்டுக்கு நான் ஏன் குடுக்கணும்?"

"நீங்க குடுக்கல ஆண்ட்டி. பேங்க் குடுக்குது."

"பேங்க் எங்கிட்ட எடுத்துத்தானே குடுக்குது."

அப்படியென்றால் சாதாரணக் கார்டை மட்டும் வாங்கிக்கொள்கிறேன், கறுப்புக் கார்டு வேண்டாம் என்றாள். அது முடியாது என்றான். கதவில் ஒட்டியிருக்கும் கார்டு நிறுவனத்தின் சின்னம் எந்தக் கார்டில் இருந்தாலும் அதை வாங்கியாக வேண்டும். கார்டு கொடுப்பவரிடம் தனியாகக் கூடுதல் காசு கேட்கவும் கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டும் இருந்தன. அவள் கையெழுத்தும் இருந்தது.

குணாளன் ஒரு வழி சொன்னான். எல்லா டயருக்கும் ஐந்து வெள்ளி ஏற்றிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். வள்ளிநாயகி இரண்டு நாள் அதை யோசித்தாள். அவள் கடைக்கு வாரம் முழுவதும் வருகிறவர்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள், பாதுகாவலர்கள், பள்ளிக்கூடம் கூட்டுகிற பெண்கள். மடித்த நோட்டைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள். கறுப்புக் கார்டுக்காரன் விமானத்தில் போவதற்கு இவர்கள் ஐந்து ஐந்து வெள்ளியாகக் கட்ட வேண்டும். வெயிலிலும் மழையிலும் மரம் வெட்டி, பால் குறைந்தால் வேலை வாங்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கியவள் அவள். ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணத்தைக் குணாளனிடம்கூட விளக்கவில்லை.

அடுத்து வந்ததுதான் அவளைக் கீழே தள்ளியது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வங்கிக் கணக்கிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளியை எடுத்திருந்தார்கள். விசாரித்ததில், மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஜோடி டயர் மாட்டிக்கொண்டு போன வெளியூர்க்காரர், அப்படி ஒரு கடையில் தான் எதுவும் வாங்கவேயில்லை என்று தன்னுடைய வங்கியில் சொல்லியிருந்தார். அந்த வங்கி கேட்டதும், மெஷின் கொடுத்த வங்கி அவள் கணக்கிலிருந்து காசைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. அந்த ஆளை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்டி முடித்ததும் டயரைத் தட்டிப் பார்த்து, அவள் வேலையைப் புகழ்ந்து, கூடவே படமும் எடுத்துக்கொண்டவர். அவர் கையெழுத்துப் போட்ட பில்லின் நகல் பெட்டியில் இருந்தது.

பில்லை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் சிரம்பானிலிருந்த வங்கிக்குப் போனாள். அங்கிருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாள். ஆதாரம் கேட்டு ஈமெயில் அனுப்பினோம், பதில் வரவில்லை, நினைவூட்டியும் அனுப்பினோம், கெடு முடிந்துவிட்டது என்று கணினியைத் திருப்பிக் காட்டினாள். முகுந்தன் திறந்து கொடுத்த முகவரி அது. அன்றைக்குத் திறந்தவன் அதன் பிறகு ஒருநாளும் அதை எட்டிப் பார்க்கவில்லை.

அவனுக்குப் போன் போட்டாள். தினமும் நூறு ஈமெயில் பார்க்கிறவன் இதை மறந்துவிட்டேன் என்றான். அந்தப் பணத்தை நான் போட்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாள். ஒப்பந்தம் முடியுமுன் கொடுத்ததற்கு ஒரு தண்டம் கட்டினாள். காசும் போன் வழிப் பணமும் மட்டும்தான், கிரெடிட் கார்டு இல்லை என்று மலாயிலும் தமிழிலும் அட்டையில் எழுதி, கதவிலிருந்த சின்னத்தின் மேலேயே ஒட்டினாள். பெரிய மோட்டார்க்காரர்கள் அட்டையைப் படித்துவிட்டு இறங்காமலே போனார்கள். அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தோட்டத்து ஆட்களும் குறைந்தது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவர்களில் சிலர் கிரெடிட் கார்டை நம்பியிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை முகுந்தன் காரில் வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"பினாங்குல மூணு நாள்மா. பிளைட்டு, ஹோட்டல் எல்லாம் பாயிண்ட்லயே எடுத்துட்டேன். நீ, நான், ரோகினி. ஒரு காசு செலவில்ல."

ரோகினி அவன் மனைவி. காரிலிருந்தபடியே கையசைத்தாள். வள்ளிநாயகி கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு குடுத்தா அந்தப் பாயிண்ட்டு?"

கேள்வியின் திசை அவனுக்குப் புரிந்துவிட்டது. தொழிலில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், சிஸ்டம் அப்படி, நாம் மாற்ற முடியுமா என்று ஏதேதோ சொன்னான். பெரிய கடைகள் அதை விலையில் சேர்த்துவிடுகின்றன, நீயும் சேர்த்திருக்கலாம் என்றான். அவள் குனிந்து டயரை நெம்பத் தொடங்கினாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்த வேலைதாம்மா எனக்குச் சோறு போடுது."

"அதுக்கு முன்னால எந்தக் கடை போட்டுச்சு?"

அவன் காரில் ஏறிவிட்டான். அவனும் ரோகினியும் பினாங்கு போனார்கள். ஹோட்டல் காலைப் பலகாரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். தீபாவளிக்கு அவன் வந்தான், சாப்பிட்டான், பேசினான். கார்டைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு வருவது குறைந்துபோனது.

வருட முடிவில் குணாளன் பக்கத்து ஊரான செண்டாயானில் புதிதாகத் திறந்த பெரிய டயர் கடைக்குப் போய்விட்டான். பதினெட்டு வருடம் இருந்தவன். மூன்று பிள்ளைகள், இங்கே சம்பளம் பிந்திப் பிந்தித்தான் வருகிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விடைபெறும்போது ஒன்று சொன்னான்.

"கார்டுக்குப் போற காசை அங்க எல்லா டயர்லயும் ஏத்திட்டாங்கக்கா. கேஷ் குடுக்கறவனும் சேத்துத்தான் கட்டிட்டுப் போறான். யாரும் கேக்கறதில்ல."

இப்போது அவள் தனியாகத்தான் கடையைப் பார்க்கிறாள். பெரிய டயர்களை மொத்த வியாபாரியிடமே நட்டத்துக்குத் திருப்பிவிட்டாள். பாதிக் கடையை ஒரு கைப்பேசிக் கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறாள். பெரும்பாலும் பஞ்சர்தான்.

போன மாதம் ராமசாமி வந்தார். ஒரு செம்பனைத் தோட்டத்து வாயிலில் பாதுகாவலர், திருச்செல்வம் காலத்திலிருந்து இங்கேயே டயர் வாங்கியவர். பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது. டயர் புதிது. அவள் விற்றதல்ல. எங்கே வாங்கியது என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"செண்டாயான்ல எட்டு வெள்ளி கூடத்தான்க்கா. ஆனா மூணு மாசமாப் பிரிச்சுக் கட்டலாம்லா. ஏர்கோன் வேற போட்டுக் கடையைச் சில்லுன்னு வச்சிருக்கான்."

யாருக்காக அந்த ஐந்து வெள்ளியை ஏற்றாமல் இருந்தாளோ, அவர் எட்டு வெள்ளி கட்டிவிட்டு நிம்மதியாக நிற்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதுமில்லை. இப்போது சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்.

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, காற்றடித்துக் கொடுத்தாள். ராமசாமி வழக்கம்போல ஒரு வெள்ளி குறைக்கச் சொன்னார். திருச்செல்வம் காலத்திலிருந்து குறைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"முடியாது," என்றாள்.

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முழுக்காசையும் எண்ணி மேசையில் வைத்துவிட்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்.