எண்ணெய் நிக்காத குத்துவிளக்கு

உலு திராம்ல ஒரு கோயில் நுழைவாயில் வளைவுக்கு டிசைன் வரைஞ்சது நான்தான். வளைவுக் கோட்டுல அம்மன் பேரு, ரெண்டு பக்கமும் வரிசையா குத்துவிளக்கு.

இன்னிக்குக் காலையில அந்த டிசைன்படி வெட்டின தகட்டக் கொண்டு போய் மாட்டினோம். கோயில் தலைவர், "பாகுஸ் லா தம்பி, ரொம்ப நல்லா வந்திருக்கு"ன்னாரு.

அங்க விளக்கு தேய்க்கிற அக்கா மட்டும் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க.

"தம்பி, ஓரத்து விளக்கெல்லாம் கவுந்து விழற மாதிரி இருக்கே."

"வளைவுல அப்படித்தான்க்கா வரும். எழுத்தும் சாஞ்சுதானே இருக்கு? சாஃப்ட்வேர் கணக்கு தப்பாது."

"எழுத்து சாயலாம். இதுல எண்ணெய் நிக்குமா?"

போன்ல டிசைன் ஃபைலத் தொறந்து பாத்தேன்.

எழுத்த வளைவோட திருப்பறதுக்குப் சாஃப்ட்வேர்ல போட்ட டிக் மார்க்க, விளக்குக்கும் அப்படியே விட்டுட்டேன். அத எடுத்திருந்தா விளக்கெல்லாம் நேரா நின்னிருக்கும். இத்தனைக்கும் வீட்டுல தினம் விளக்கு ஏத்துறவன் நான்.

தகட்டக் கழட்டி லாரியில ஏத்துறப்போ அந்த அக்காவும் ஒரு பக்கம் பிடிச்சாங்க. அவங்க மூஞ்சியப் பாக்க முடியல.

நேத்து இதே டிசைன இங்க பெருமையா போட்டேன். இத்தன பேரு லைக் போட்டீங்களே, உங்க ஒருத்தருக்குக்கூடவா எண்ணெய் ஞாபகம் வரல?