கால் இல்லாத பலகை

எதிர் அறை டாக்டரம்மாவை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே பிடிக்காது. நான் பல் டாக்டர். அவர் பால்வினை நோய்ப் பிரிவு. பெயிண்டர் செய்த கூத்தில் அவர் பலகையில் 'பா'வின் துணைக்கால் விட்டுப்போய், 'பல்வினை நோய்ப் பிரிவு' என்று ஆகிவிட்டது. கன்னம் வீங்கியவர்கள் எல்லாம் நேராக அவரிடம் போய் வாயைத் திறந்தார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பலகையை மாத்துங்க மேடம்" என்றால் சிரிப்பார். வராண்டா முழுக்கக் கேட்கும். மருமகள் என்ன டாக்டர் என்று சொல்லக் கூசிக்கொண்டு, அவருடைய மாமியார் சொந்தக்காரர்களிடம் "மருமக பல் டாக்டர்" என்றே சொல்லிவந்தாராம். "இப்ப பலகையும் அத்தை கட்சிக்குப் போயிடுச்சு சார்!"

பிறகுதான் கவனித்தேன். அதுவரை அந்த வாசலை எட்டிக்கூடப் பார்க்காத காலேஜ் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். பலகையில் இருப்பது எழுத்துப்பிழை, உள்ளே இருப்பது பால்வினை நோய் டாக்டர் என்று அவர்களுக்குள் பரவிவிட்டது. யாராவது தெரிந்தவர் பார்த்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பல்வலி" என்றால் போதும், மானம் தப்பியது.

"குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "'அன்னைக்கு ராத்திரி என்ன போதையில இருந்தே'ன்னு கேட்டாத்தான் பீர், மாத்திரை, புகைன்னு வெளிய வரும். போதையில பயம் போகுது, கூடவே ஜாக்கிரதையும் போயிடுது. ஆணுறை பையிலயே இருக்கும். மறுநாள் பயம் மட்டும் திரும்பி வரும்." பிள்ளைகளை அவர் திட்டமாட்டார். ரத்தம் எடுப்பார், மருந்து கொடுப்பார். திட்டெல்லாம் எங்களுக்குத்தான்.

ஒருநாள் பெரிய டாக்டர் கண்ணில் பலகை பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி மானமே போகிறது என்று பெயிண்டரை ஏணியோடு அழைத்துக்கொண்டு வந்தார். பெயிண்டர் ஏறியாயிற்று. டாக்டரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த ஒரு காலைப் போட்டீங்கன்னா, உள்ள வர்ற கால் எல்லாம் நின்னுடும்."

"அதுக்காக தப்பாவே எழுதி வைக்கிறதா?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்தாள். காலேஜ் முதல் வருஷம் இருக்கும். ஏணியையும் எங்களையும் பார்த்ததும் முகம் வெளிறிப்போய் ஓர் அடி பின்னால் வைத்தாள். திரும்பிப் போனால் இனி வரமாட்டாள், என்ன நோயை வைத்துக்கொண்டு அலையப்போகிறாளோ.

"என்னம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

"பல்... பல்வலி சார்." கை கன்னத்துக்குப் போனது.

எதிரே என் கதவில் 'பல் மருத்துவர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெரிய டாக்டர் என் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ இறங்குப்பா" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, ஏணியைத் தன் கையாலேயே நகர்த்தி வழிவிட்டார்.

"பல்வலியா? இந்த ரூம்தாம்மா. உள்ள போ."

பெயிண்ட் வீணாகவில்லை. என் கதவுக்குப் பெரிய அம்புக்குறி ஒன்று கிடைத்தது. எதிர்ப் பலகைக்கு இன்றுவரை கால் முளைக்கவில்லை; பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.