முழந்தாளில் நின்ற ஓட்டக்காரர்

நாவடக்கம் அரிய அறம். அதனோடு ஒப்பிடக் காலை அடக்குவது எளிது என்பார் உளர். அவர்கள் கொட்டாஞ்சேனை ஹியூபேட்டை அறியாதவர்கள். அவருக்கு முன்னது பிறவியிலேயே வாய்த்தது. பின்னது ஏறக்குறைய வாய்க்கவேயில்லை.

தூத்துக்குடியில் பிறந்து, சென்னை மாகாணத்து நூறு யார் ஓட்டங்களில் முதல்வராகி, பின்னர் தமையனைத் தொடர்ந்து கப்பலேறிக் கொழும்புக்கு வந்தவர் அவர். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கர் வேலை கிடைத்தது. வெயிலும் பாரமும் வாட்டும் அவ்விடத்தில் வசைமொழி மனிதர் வாயில் மூச்சுப்போல் வந்துபோகும். ஹியூபேட்டின் வாயில் மட்டும் அது வந்ததில்லை. அதற்காக அவரைக் கேலி செய்தவர்களே, கொழும்பு மைதானங்களில் அவர் வெல்லத் தொடங்கியதும் 'இந்தியக் குதிரை' என்று தோளில் தூக்கினர். குதிரைக்கு ஒரேயொரு குறை: நடக்கத் தெரியாது. பூசைக்கும் ஓடுவார், கடையில் பாண் ரொட்டி வாங்கவும் ஓடுவார். ஒரு திருநாளில் மாதாவின் சுரூபத்தையே முந்திக்கொண்டு போய்விட்டார் என்று சுற்றுப்பிரகார ஊர்வலத்தின் கடைசிக்கு அனுப்பப்பட்டார்.

அத்தகையவருடைய மனம் வெள்ளவத்தையில் ஓரிடத்தில் நின்றது. பெண்ணின் பெயர் பிறிஜெற். தந்தையார் ஸ்ரனிஸ்லாஸ், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். செபத்தில் ஓர் எழுத்துப் பிழையும் பொறாதவர். தமையன் சென்று பெண் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ஓர் ஐயத்தை மட்டும் எழுப்பினார்.

"ஓடித் திரியிறவன் ஆண்டவருக்கு முன்னால ஒரு நிமிசம் நிப்பானோ? அதைப் பாத்துப்போட்டுத்தான் மறுமொழி சொல்லுவன்."

பார்ப்பதற்கு அவர் தேர்ந்த இடம் கோயில் அன்று. அரசர் பிறந்தநாள் விடுமுறையில் கொட்டாஞ்சேனையில் நடந்த விளையாட்டுப் போட்டி. மகளையும் அழைத்து வந்து, கறுப்புக் குடையோடு கயிற்றோரம் நின்றார். மழையால் பந்தயங்கள் பிந்தின. நூறு யார் இறுதி ஓட்டத்துக்கு வீரர்கள் கோட்டில் குனிந்து முழந்தாள் ஊன்றியபோது, கோயிலில் மாலைத் திரிகால மணி அடித்தது. அந்த மணி கேட்டால் எங்கிருந்தாலும் முழந்தாளிட்டு மாதாவைச் செபிப்பது கத்தோலிக்கர் வழக்கம். அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தது. ஏனையோர் பாய்ந்தனர். ஹியூபேட் பாயவில்லை. கண்களை இறுக மூடி, "மாதாவே, மாதாவே" என்றபடி முழந்தாளிலேயே இருந்தார். கூட்டத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கண்டவர் பலரும் கழற்றினர். பந்தயத்தில் வென்றவர் யாரென்பதை வென்றவரைத் தவிர எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ் கயிற்றைத் தாண்டி வந்து, கண் கலங்க அவரைத் தூக்கி நிறுத்தி, அங்கேயே மகளைத் தருவதாக வாக்களித்தார். ஹியூபேட் எதையோ சொல்ல வாயெடுத்தார். பெரியவரின் தோளுக்கு அப்பால் பிறிஜெற்றின் முகம் தெரிந்தது. எடுத்த வாய் தானே மூடிக்கொண்டது.

உண்மை யாதெனில், ஈரத்தில் நெடுநேரம் காத்திருந்த அவருடைய கெண்டைக்கால் அக்கணத்தில் பிடித்துக்கொண்டது. மணியோசை அவர் செவியில் விழவேயில்லை.

திருமணத்தை ஊரறிய அறிவிக்கும் மூன்று கலியாண ஓலைகளில் முதலாவது கோயிலில் வாசித்தாயிற்று. ஊரெங்கும் அவருடைய பக்தியே பேச்சு. அது கால் பிடிப்பைவிட அதிகம் வலித்தது. பாவசங்கீர்த்தனத்தில் அனைத்தையும் சொன்னார். சுவாமியார் சிரித்த சிரிப்பு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது என்று பின்னாளில் அவரே சொல்வார். மாமனாரிடம் போய்ச் சொல்லும்படியே அவருக்குப் பரிகாரம் விதிக்கப்பட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அன்று அவர் நடந்தே போனார்; போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்பதுபோல் நடந்தார்.

"மாமா, அன்னிக்கு நான் செபம் பண்ணல. கால் பிடிச்சிக்கிச்சு."

பிறிஜெற் கதவருகில் வந்து நின்றார்.

"கால் இழுக்கேக்க துறைமுகத்து ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும், தம்பி," என்றார் பெரியவர். "நீர் மாதாவை எல்லோ கூப்பிட்டனீர். எனக்கு அது காணும்." பின்பு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஊருக்குச் சொல்லிப்போடாதையும். நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

எஞ்சிய ஓலைகளும் வாசிக்கப்பட்டன. திருமணம் இனிது நிறைவேறியது. மறு ஆண்டு அதே நூறு யார் ஓட்டத்தில் வென்று, அன்று கைவிட்ட வெற்றிக் கிண்ணத்தை ஹியூபேட் மீட்டார். அதைப் பாராட்டியவர் சிலரே. முழந்தாளில் நின்றதைப் பாராட்டுவோர் இன்றும் பலர்.

கடலோசை கேட்கும் அவ்வில்லத்தின்மேல் தேவதாயின் அருள் நிழலெனப் படர்க. அங்கே உலை பொங்குக, மக்கள் பெருகுக, வருவோர் வயிறு குளிர்க, பெரியவரும் இளையவரும் ஒருவரையொருவர் பொறுத்துப் பல்லாண்டு வாழ்க.