மதகு திறக்கும்வரை

செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு மழையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் இருந்தது, ஏறப் பிடிக்கவில்லை. முந்தின நாள் வரை நானும் என் மனைவியும் கேரளத்தில், குட்டநாட்டில் ஒரு மோட்டார் படகில் வேலை பார்த்தோம். நான் ஓட்டுவேன், அவள் சுற்றுலாக்காரர்களுக்குச் சமைப்பாள். அங்கே கால்வாயில் இரண்டு மதகுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீர் மட்டம் சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அப்படி நிற்கும்போதுதான், இந்த வேலை அலுத்துவிட்டது, ஊர்ப் பக்கம் போவோம் என்றேன்.

அவள் மீனைக் கழுவிக்கொண்டே, "இது எத்தனாவது வேலை? நீங்க போங்க. எனக்கு ஒரு எடத்துல நெலையா அடுப்பு எரியணும்" என்றாள்.

"கோவத்துல சொல்லுதியா?"

"கோவம்னா கத்தியிருப்பேன்லா."

மதகு திறந்தது. படகை எடுத்தேன், வேறென்ன செய்ய? கரை சேர்ந்ததும் என் சட்டைகளை மடித்து, மேலே ஒரு சோற்றுப் பொட்டலமும் வைத்துப் பையைக் கொடுத்தாள். ரயில் புனலூர் தாண்டியும் அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நடந்து குற்றாலம் சேர்ந்ததும் ஒரு லாட்ஜில் வேலை கேட்டேன்.

"குடும்பம் உண்டா? தங்க எடம் குடுக்கணும்லா" என்றார் முதலாளி.

"தனி ஆளுதான், அண்ணாச்சி."

மாடி அறைகளைக் கழுவச் சொன்னார்.