ஒற்றைக்கை நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்ட கை காயும் முன்னே என் மருமகன் செல்போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். பத்து நிமிஷமாகியும் முகத்தில் சிரிப்பில்லை. ஆபீஸில் ஏதும் சிக்கலோ என்று பயந்து கேட்டேன்.

"இல்ல மாமா, டீம் எடுக்கிறேன். ஃபுட்பால் டீம்."

"நீங்க எப்ப மாப்ள பந்து ஆடுனீக?"

அவர் ஆடவில்லையாம். எங்கோ வெளிநாட்டில் ஆடுகிறவர்களை, இவரும் ஆபீஸ் சேக்காளிகளும் ஆளுக்குப் பதினொரு பேராகப் பிரித்து எடுத்துக்கொள்வார்களாம். ஒருத்தர் எடுத்த ஆளை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது. அந்த ஆள் அங்கே என்ன செய்கிறானோ அதற்கு இங்கே இவர்களுக்கு மார்க்கு.

"கோல் போட்டாத்தான மார்க்கு?"

"எங்க லீக்ல ரூல் வேற மாமா. தடுக்கிறவனுக்குத்தான் ஜாஸ்தி. அடிபட்டு வெளிய போயிட்டா மைனஸ் அஞ்சு."

எங்கள் ரூலில் அடிபட்டால் அஞ்சு கூட என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். எடுத்த வாயை மூடித் தண்ணீர் குடித்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள் அடுப்படியில் புது அரிசி மூட்டையைப் பிரித்தாள். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் சாக்கு, மிஷின் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சர்ரென்று வந்துவிடும். நான் தைத்த சாக்கு அப்படி வராது. கத்தி வைத்து அறுத்தால்தான் உண்டு. கடைக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் அறுத்திருப்பார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் எனக்கு, அதுவும் திட்டு வாங்கிய பெருமை.

முப்பது வருஷத்துக்கு மேல் நெல் மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் கோணி ஊசியும் சணலுமாக இருந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் நிரப்பித் தருவார்கள், நான் வாயைத் தைப்பேன். புதுச் சணலுக்கு ஒரு வாசம் உண்டு, மண்ணெண்ணெயும் வைக்கோலும் கலந்த மாதிரி. சோறு பிசையும்போதுகூட விரலில் அது இருக்கும். இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. சுளுக்கு வழிப்பது. முதுகு பிடித்தாலும் கழுத்து பிடித்தாலும் என்னிடம்தான் வருவார்கள். யாரும் கற்றுத் தரவில்லை. விரலை வைத்தால் உள்ளே எது எங்கே விலகியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் கால் கை விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் வில்லாபுரம் பக்கம் கண்மாய் வற்றிப் பொட்டலாகக் கிடக்கும். அதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தாட்டம். கிட்டங்கி, மில், பட்டறை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டீம், டீமுக்கு ஏழு பேர். எங்கள் கிட்டங்கியிலிருந்து ஆடுகிறவர்கள் போக, ஆடத் தெரியாத ஆறு பேர் மிச்சம் இருந்தோம். சும்மா நின்று கைதட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. எல்லா டீமிலிருந்தும் ஆளுக்கு நாலு பேரை எடுத்துக்கொள்வது என்று நாங்களாகவே ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். மருமகன் செல்போனில் செய்கிற அதே வேலைதான். இதற்கு இங்கிலீஷில் பேர் இருக்கிறதென்று போன வாரம்தான் தெரிந்தது.

மார்க்கு எழுத எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து வராது, என்னையும் சேர்த்து. சுவரில் ஆறு ஆணி, ஆணிக்கு ஒரு சணல். மார்க்குக்கு ஒரு முடிச்சு. ஜெயித்தவனுக்குப் பரிசு ஒரு நாற்காலி. முதலாளி வேண்டாமென்று போட்ட மர நாற்காலி அது. ஒரு கை உடைந்து போனது. ஜெயித்தவன் அடுத்த கோடை வரை டீ வேளையில் அதில் சாய்ந்து உட்காரலாம். மற்றவர்களுக்கு மூட்டைதான்.

ரூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பேர் ஆட்டத்தில் ஒரு கோல் விழுவதே பெரிய பாடு. கோலுக்கு மட்டும் முடிச்சு என்றால் சணல் வெறுஞ்சணலாகவே தொங்கும். சண்டை வராமல் இருக்க, ஆள் எடுத்து முடித்த பிறகு ஒவ்வொருத்தனும் ஒரு ரூல் சொல்லலாம், மற்றவன் மறுக்கக் கூடாது என்று வைத்தோம். அவனவன் எடுத்த ஆளுக்குத் தோதாகத்தானே சொல்வான்? தலையால் முட்டினால் ரெண்டு முடிச்சு என்றான் தவசி. அவனுடைய ஆள் பனைமர உயரம். ஒருத்தன், பொட்டலில் இறங்கும்போது மண்ணைத் தொட்டுக் கும்பிட்டால் ஒரு முடிச்சு என்றான். இன்னொருத்தன், ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போனால் ஒரு முடிச்சு என்றான். எங்களில் யாருக்கு எந்த ஆள் என்பதை ஆடுகிறவர்களிடம் சொல்லக் கூடாது. இது மட்டும் பொது ரூல்.

அந்த வருஷம் யார் முதலில் ஆள் எடுப்பது என்று வேப்பங்குச்சி உருவியதில் எனக்குக் கடைசி முறை. நல்ல ஆளெல்லாம் போய்விட்டார்கள். கடைசியில் யாரும் எடுக்காமல் நின்றது எங்கள் கிட்டங்கி மாரிதான். மூட்டை தூக்குகிற ஆள், இருபத்தஞ்சு வயசு, கோலுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்பான். கோல் போட மாட்டான், தலையால் முட்ட மாட்டான், ரெஃப்ரியிடம் வாயே திறக்க மாட்டான். முடிச்சுக்கு வழியே இல்லாத ஆள்.

"அண்ணனுக்கு இந்த வருசமும் மூட்டதான்" என்றான் தவசி.

எனக்குச் சுருக்கென்றது. மாரி ஒருமுறை கால் நகம் பெயர்ந்து தொங்க முழு ஆட்டமும் ஆடியது ஞாபகம் வந்தது. "அடிபட்டும் வெளிய வராம கடைசி வரைக்கும் நின்னா அஞ்சு முடிச்சு" என்றேன். அதுதான் நான் போட்ட ரூல்.

கடைசி ஞாயிறு வந்தது. தவசியின் சணலில் என்னைவிட நாலு முடிச்சு கூட. அன்றைக்கு எங்கள் கிட்டங்கிக்கும் ஒரு பட்டறைக்கும் ஆட்டம். பாதி ஆட்டம் போயிருக்கும். வறண்ட கண்மாய் மண் பாளம் பாளமாக வெடித்திருக்குமில்லையா, அதில் மாரியின் கால் சிக்கி உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. விழுந்தான். எழுந்து நொண்டிக்கொண்டே நேராகக் கோட்டோரம் நின்ற என்னிடம் வந்தான். வேறு யாரிடம் வருவான்?

"அண்ணே, மொழங்காலு என்னமோ மாதிரி இருக்குண்ணே. வெளிய வந்துரட்டா?"

குனிந்து விரலை வைத்தேன். முழங்கால் சில்லுக்குக் கீழே, இறுக்கமாக இருக்க வேண்டிய இடம் தொளதொளவென்று இருந்தது. சுளுக்கு இல்லை. உள்ளே ஏதோ அறுந்திருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் நிமிர்ந்தேன். எதிரே தவசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஒன்னுமில்லப்பா, நரம்பு பெரண்டிருக்கு. நாலு எட்டு ஓடுனா சரியாப் போகும்."

"அப்பச் சரிண்ணே" என்று போய்விட்டான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கால் மணி நேரம் நின்றான். ரெண்டு தரம் விழுந்தான், ரெண்டு தரமும் எழுந்தான். விசில் ஊதியதும் உட்கார்ந்தவனை நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். மறுநாள் காலையில் கிட்டங்கியில் ஐந்து முடிச்சு போட்டேன். என் கையால்தான் போட்டேன். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து டீயும் குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில், அடிபட்ட உடனே காலை அசைக்காமல் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார்களாம். அவன் பெண்டாட்டி வந்து சொல்லி அழுதது. ரெண்டு மாசம் கழித்துக் கம்பு ஊன்றி வந்தான் மாரி. தரையில் உட்கார முடியவில்லை, மூட்டையிலும் முடியவில்லை. நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்கார்ந்து, உடைந்த கைப்பக்கம் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தச் சேருக்குத்தான் அம்புட்டு அடிதடியாண்ணே?"

தவசி எழுந்து வெளியே போனான். அவனுக்கு என் ரூலும் தெரியும், கோட்டோரம் நான் குனிந்ததும் தெரியும். ஒருநாளும் அதைப் பேசியதில்லை. பேசித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

மூட்டை தூக்க இனி முடியாது என்றானதும் முதலாளியிடம் கெஞ்சி, எனக்குப் பக்கத்திலேயே அவனுக்கும் ஊசி வாங்கிக் கொடுத்தேன். பதினேழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் தைத்தோம். அவன் நாற்காலியில், நான் தரையில். அந்த நாற்காலிக்கு அப்புறம் யாரும் போட்டி போடவில்லை. தூக்குகிறவனுக்குக் கிடைக்கும் கூலியில் பாதிதான் தைக்கிறவனுக்கு. ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. ஊரெல்லாம் என்னைப் பற்றி, "அண்ணன் இல்லாட்டி என் குடும்பம் என்னாகியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊசி விரலில் குத்தும். சுளுக்கு வழிப்பதை நான் விட்டுவிட்டேன். கைராசி போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கிட்டங்கியை மூடிய அன்றைக்கு, மகள் வீட்டோடு இருக்க உசிலம்பட்டி போகிறேன் என்று என் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தான். எழுந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். அன்னைக்கித் தொட்டுப் பாத்தீகள்ல. அப்பவே போயிருந்துச்சா?"

இத்தனை வருஷம் கழித்து, கோபமில்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டான். சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"அப்பத் தெரியலப்பா."

"அதான. தெரிஞ்சா விட்டிருப்பீகளா" என்றான். "வாரேண்ணே."

உசிலம்பட்டிக்கு இங்கேயிருந்து டவுன் பஸ்ஸே போகிறது. போகிறேன், போகிறேன் என்றே நாலு வருஷம் போனது. அவன் செத்துப்போன செய்தி பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது.

மருமகன் டீம் எடுத்து முடித்த அன்றைக்குச் சாயங்காலம், வில்லாபுரம் போய்வருகிறேன் என்று கிளம்பினேன். கண்மாய் இல்லை. தெருத்தெருவாக வீடு. வெயில் விழுகிற பக்கத்தை வைத்தும் ரோட்டு வளைவை வைத்தும் கணக்குப் போட்டு, கோட்டோரம் நான் நின்ற இடம் இதுதான் என்று ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன். பைக் ஒன்று நின்றது, கோலம் பாதி அழிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள்.

"யாரப் பாக்கணும் தாத்தா?"

"மாரின்னு ஒருத்தரும்மா. இங்கதான் நின்னாரு."

"எந்த வீட்டுல?"

"வீடு இல்லம்மா அப்ப" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து போட்டு, உட்காருங்க என்றாள். வேண்டாம்மா, நிற்கிறேன் என்றேன்.