‘அழுக்கு’ என்று ஒரு ஃபோல்டர்

மதுரையில் கரண்டில் ஓடும் எல்லாமே ஒரே சுருதியில்தான் முனகுகின்றன. ஆனையூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், சமயநல்லூர் ரோட்டோர டிரான்ஸ்ஃபார்மர், ஞாயிறுதோறும் நான் கீபோர்டு வாசிக்கும் சர்ச்சின் பழைய ஆம்ப்ளிஃபையர், எல்லாம் கீபோர்டின் ‘ஜி’ சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும். ஊரே ஏசி போடும் நேரத்தில் அந்த மயிரிழையும் கொஞ்சம் இறங்கும். இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டில் வந்து சொன்னேன். ஃபிரிட்ஜ் ரிப்பேரா என்று அம்மா கேட்டாள்.

மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை போக மிச்ச நேரமெல்லாம், இரண்டு வருஷம், அந்த முனகலைப் பதிவு செய்தேன். அது ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, என் கீபோர்டையும் அதற்கேற்பச் சுருதி மாற்றி வாசித்தேன். ஏழு துண்டுகள். என் முதல் ஆல்பம். பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பம்மா வரும்?" என்றாள். அதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது பழங்காநத்தத்தில். சத்தம் ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு அளவில் இருந்தது. அதை மட்டும் சீராக்கித் தரச் சொல்லி, அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணனிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். சர்ச் பாட்டு, கல்யாண வீடியோ, தேர்தல் ஆட்டோ அறிவிப்பு எல்லாம் அவரிடம்தான் போகும். என் லேப்டாப் அந்த மாதம்தான் செத்திருந்தது. வேறு காப்பி இல்லை. ஒரு கணக்கு டீச்சர் இப்படி இருக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், நானே கேட்டாயிற்று.

ஒரு வாரம் கழித்துப் போனேன்.

"வாம்மா. உங்க வீட்டு ஒயரிங்ல எர்த்து சரியில்ல போல. எம்புட்டு இரைச்சல். ஏழு பாட்டுலயும் சுத்தமா எடுத்துட்டேன். கீபோர்டும் லேசா சுருதி விலகியிருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டேன். கேளு."

கேட்டேன். என் சுரங்கள் பளபளவென்று, எதற்காக வாசிக்கிறோம் என்றே தெரியாமல் தனியாக ஒலித்தன. நகைக்கடை விளம்பரத்துக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பழைய ஃபைலு எங்கண்ணே?"

"அது மேலதான சேவ் பண்ணேன். அந்த இரைச்சல வச்சு என்ன செய்யப் போற?"

ஒரு போன் போட்டிருக்கலாம். என் நம்பரைப் பென்டிரைவிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தேன். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு டீச்சரம்மா தெரியாமல் தப்புச் செய்திருப்பாள், நாம் திருத்திக் கொடுப்போம், அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்திருப்பாள் என்ற நினைப்பு அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"அண்ணே, அந்த இரைச்சல்தான் ஆல்பம்" என்று கத்தினேன்.

அவர் வேலையை நான் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டார். சந்தேகப்படும் கஸ்டமருக்கென்றே அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிடுங்கிய பல்லைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டும் டாக்டர் மாதிரி, எடுத்த இரைச்சலை மட்டும் தனி ஃபைலாக்கி வைத்திருப்பார். ஃபோல்டரின் பெயர் ‘அழுக்கு’.

"நீயே பாரு, எம்புட்டு வேலை செஞ்சிருக்கேன்னு."

ஸ்பீக்கரில் ஃபிரிட்ஜ் முனகியது. பிறகு டிரான்ஸ்ஃபார்மர். பிறகு சர்ச். நான் வாசித்தது மட்டும் இல்லை. அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். கோபம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

"இத அப்படியே பென்டிரைவுல போட்டுக் குடுங்க."

"இதையா? தாரேன். ஆனா எம் பேர மட்டும் எங்கயும் போட்றாத. நாலு எடத்துல வேலை பாக்கணும்."

வீட்டுக்கு வந்து, இரவல் லேப்டாப்பில், அவர் சுருதி திருத்திய வாசிப்பை அதோடு சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதன் மேல் மறுபடி வாசித்துப் பார்த்தேன். பழைய வாசிப்பை நினைவுபடுத்தி ஒப்பிப்பது போல இருந்தது. விட்டுவிட்டு, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவள் என்று ஒரு வரிக் குறிப்போடு அந்த அழுக்கை மட்டும் இணையத்தில் வெளியிட்டேன். முகம் தெரியாத சிலர் கேட்டார்கள். ஒருவர் நீளமாகப் பாராட்டி எழுதியிருந்தார்: கையில் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒரு சுரம்கூட வாசிக்காமல் இருந்தாரே, அந்தத் தைரியம்தான் இந்த ஆல்பம் என்று. அதற்குப் பிறகு வருகிறவர்களெல்லாம் அதையே சொல்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வாசித்தேன் ஐயா. இரண்டு வருஷம், ஒரு நாள் விடாமல் வாசித்தேன்.